கலப்பினக் கிரெவில்லியாவை உள்நாட்டுச் செடி என்று சொல்லலாமா?

ஆஸ்திரேலிய நர்சரிகளில் கிரெவில்லியாச் செடி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே தொட்டியில் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு தகவல்கள் கண்ணில் படும். லேபிளின் மேல்பக்கத்தில் 'ஆஸ்திரேலிய நேட்டிவ்' என்று பெரிதாக இருக்கும். கீழே சின்ன எழுத்தில் இரண்டு சிற்றினங்களின் பெயரும் நடுவில் ஒரு பெருக்கல் குறியும் இருக்கும். அதாவது அது ஒரு கலப்பினம். காட்டில் ஒருபோதும் வளர்ந்திராத செடி எப்படி உள்நாட்டுச் செடி ஆகும்? பல நகராட்சிகள் குடியிருப்போருக்கு இலவசமாகக் கொடுக்கும் உள்ளூர்ச் செடிகளின் பட்டியலில் இது ஏன் பெரும்பாலும் இருப்பதில்லை? நேட்டிவ் என்றால் உரமே வேண்டாம், தண்ணீரே வேண்டாம், பறவைகளுக்கு நல்லது என்று சொல்கிறார்களே, அதெல்லாம் சரியா?

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். 'நேட்டிவ்' என்ற லேபிள் செடியின் பெற்றோர் எங்கிருந்து வந்தவை என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்தச் செடி உங்கள் மண்ணில் பிழைக்குமா, உங்கள் தெருவில் திரியும் பறவைகளுக்கு என்ன செய்யும், பக்கத்துக் காட்டுக்குள் அதன் மகரந்தம் போனால் என்ன ஆகும் என்பவை தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

முதலில் செடி

கிரெவில்லியா, புரோட்டியேசி என்ற குடும்பத்தில் ஒரு பேரினம். அதில் ஏறத்தாழ 360 சிற்றினங்கள் உண்டு. விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டும் நியூகினி, நியூ கலிடோனியா, சுலவேசி ஆகிய தீவுகளில் இருக்கின்றன. மற்றவை எல்லாம் ஆஸ்திரேலியாவில்தான். பேங்க்சியா, ஹேக்கியா, வாராட்டா, மக்கடேமியா ஆகியவையும் இதே குடும்பம். லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தை 1804-இல் தொடங்கியவர்களில் ஒருவரான சார்லஸ் கிரெவில்லின் நினைவாக இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

தமிழர்களுக்கு இதில் ஒரு சிற்றினம் நன்றாகவே பழக்கம். நீலகிரி, வால்பாறை, மூணாறு தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வரிசை வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரம், கிரெவில்லியா ரோபஸ்டா. அதன் சொந்த ஊர் தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸின் வடகிழக்கு மூலையும். முப்பது மீட்டர் உயரம் போகும் அந்த மரமும், தரையோடு படர்ந்து கிடக்கும் கொடி போன்ற செடிகளும், இடுப்பளவு புதர்களும் ஒரே பேரினத்துக்குள் வருகின்றன. கலப்பினம் உருவாக்குகிறவர்களுக்கு இந்த வேறுபாடுகள்தான் மூலப்பொருள்.

லேபிளில் வரும் சொற்கள்

1. சிற்றினம்: இயற்கையில் தனக்கென்று ஒரு வாழிடத்தோடு, தன் இனத்துக்குள் பெருகி, தன் குணங்களை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் செடிக்கூட்டம். கிரெவில்லியா பேங்க்சியை, கிரெவில்லியா பைபின்னாட்டிஃபிடா என்பவை சிற்றினங்கள்.

2. கலப்பினம்: ஒரு சிற்றினத்தின் மகரந்தம் இன்னொரு சிற்றினத்தின் பூவில் சேர்ந்து, அந்த விதையிலிருந்து முளைத்தது. லேபிளில் இருக்கும் பெருக்கல் குறி இதைத்தான் காட்டுகிறது. கலப்பு என்றவுடன் ஆய்வுக்கூடத்தை நினைக்க வேண்டாம். மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை இதில் எதுவும் இல்லை. மகரந்தம் இடம் மாறுவதோடு மனிதர் செய்யும் வேலை முடிந்துவிடும். பல நேரங்களில் அதையும் பறவையும் தேனீயுமே செய்துவிடுகின்றன.

3. கல்ட்டிவர்: மனிதர் தேர்ந்தெடுத்து, பெயர் வைத்து, அதே குணத்தோடு தொடர்ந்து பெருக்கி வருகிற செடி வகை. அதன் பெயர் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வரும்: 'ராபின் கோர்டன்', 'ஹனி ஜெம்' என்பது போல. கல்ட்டிவர் எல்லாமே கலப்பினம் அல்ல. காட்டுச் சிற்றினத்தில் கண்ட நல்ல செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெயர் வைத்தாலும் அதுவும் கல்ட்டிவர்தான். அதேபோல, தோட்டத்தில் தானாக முளைத்த பெயரில்லாத கலப்பினக் கன்று கல்ட்டிவர் ஆகாது.

4. பதிவும் உரிமையும்: இந்த இரண்டையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியத் தாவரக் கல்ட்டிவர்களின் பெயர்களைப் பதிவு செய்யும் அமைப்பு கான்பெராவின் தேசியத் தாவரவியல் பூங்காவைச் சார்ந்து இயங்குகிறது. அங்கே பதிவாவது பெயர் மட்டுமே. செடியைப் பெருக்கி விற்கும் உரிமை வேறு. அது 1994-ஆம் ஆண்டின் தாவர உருவாக்குநர் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும். புதர்களுக்கு 20 ஆண்டு, மரங்களுக்கும் கொடிமுந்திரி போன்ற கொடிகளுக்கும் 25 ஆண்டு பாதுகாப்பு. அப்படிப் பாதுகாக்கப்பட்ட செடியிலிருந்து சொந்த வீட்டுக்காக ஒரு கிளையை ஒடித்து வேர்விடச் செய்வதைச் சட்டம் தடுப்பதில்லை. அதைப் பெருக்கி விற்பதுதான் தடை.

'ராபின் கோர்டன்' வந்த வழி

கலப்பினக் கிரெவில்லியா ஆஸ்திரேலிய வீட்டுத் தோட்டங்களுக்குள் பெரிய அளவில் நுழைந்ததற்கு ஒரு செடியைக் காரணமாகச் சொல்லலாம் என்றால், அது 'ராபின் கோர்டன்'. குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் கிளென்மோர்கன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே டேவிட் கோர்டன் என்பவர் தன் குடும்பத்தின் ஆட்டுப் பண்ணை நிலமான மையால் பார்க்கில், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் உள்நாட்டுச் செடிகளைத் திரட்டி வளர்த்துவந்தார். உள்நாட்டுச் செடிகளைத் தோட்டத்துக்கு லாயக்கற்ற காட்டுச் செடிகள் என்று பெரும்பாலானோர் நினைத்த காலம் அது. அந்தத் தோட்டத்தில்தான் இந்தக் கலப்பு உண்டானது. 1960-களின் பிற்பகுதியில் வெளியே வந்த செடிக்கு, இளம் வயதில் இறந்துபோன தன் மகளின் பெயரை அவர் வைத்தார். 'சாண்ட்ரா கோர்டன்', 'மெரிண்டா கோர்டன்' என்ற வேறு இரண்டு கலப்பினங்களும் அதே தோட்டத்திலிருந்து, அவருடைய மற்ற மகள்களின் பெயரோடு வந்தவை.

'ராபின் கோர்டனின்' பெற்றோரைப் பார்த்தால் கலப்பினத்தின் பலமும் அதைச் சுற்றியுள்ள கேள்வியும் ஒன்றாகவே விளங்கும்.

ஒரு பக்கம் கிரெவில்லியா பேங்க்சியை. குயின்ஸ்லாந்துக் கடற்கரையைச் சேர்ந்தது. ஈரப்பதம் மிக்க கோடைகாலத்தைத் தாங்கும். ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். பூங்கொத்து உருளை வடிவில் நிமிர்ந்து நிற்கும்.

மறுபக்கம் கிரெவில்லியா பைபின்னாட்டிஃபிடா. மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரை ஒட்டிய டார்லிங் மலைத்தொடரைச் சேர்ந்தது. தாழ்ந்து படரும் புதர். இலை பன்னம் போல இரண்டு முறை பிளந்திருக்கும். பூங்கொத்து தளர்ந்து தொங்கும். அழகு என்று பார்த்தால் இதற்குத்தான் என் ஓட்டு. ஆனால் மழை குளிர்காலத்திலும் வறட்சி கோடையிலும் வருகிற நிலத்தில் பழகிய செடி இது. பிரிஸ்பேன், சிட்னி போன்ற இடங்களின் புழுக்கமான கோடையில் வேரழுகிப் பட்டுப்போவது வழக்கம்.

இரண்டும் சேர்ந்த பிள்ளைக்குத் தந்தை வழி, தாய் வழி இரண்டின் நல்ல குணமும் கிடைத்தது. பைபின்னாட்டிஃபிடாவின் பிளந்த இலையும் தொங்கும் சிவப்புப் பூவும் கிழக்குக் கடற்கரையின் புழுக்கத்தைத் தாங்கும் உடம்போடு சேர்ந்துகொண்டன. ஒன்றரை மீட்டர் உயரத்துக்குள் அடங்கி, ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும் புதர். வீட்டு வாசலில் வைக்க அதைவிட வேறென்ன வேண்டும்?

அதே பெற்றோரிலிருந்து வந்த சகோதரங்கள் பல உண்டு. 'சூப்பர்ப்', 'நெட் கெல்லி', 'கோகனட் ஐஸ்', 'பீச்சஸ் அண்ட் கிரீம்' எல்லாம் இந்த இரண்டு சிற்றினங்களின் பிள்ளைகளே. பேங்க்சியையில் சிவப்புப் பூ, வெள்ளைப் பூ என்று இரண்டு வடிவங்கள் உண்டு. எந்த நிறச் செடி கலந்தது என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் நிறம் மாறும்.

இனி, அந்தப் பெற்றோர் வாழும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள். மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், நடுவில் கண்டத்தின் வறண்ட உட்பகுதி. மனிதர் ஒருவர் இரண்டையும் ஒரே வேலிக்குள் நடாமல் இந்தக் கலப்பு நடந்திருக்கவே முடியாது.

பூவுக்குள் நடப்பது

கிரெவில்லியாப் பூவுக்கு இதழ் என்று தனியாக எதுவும் கிடையாது. நான்கு பகுதிகள் ஒட்டிய ஒரு சிறு குழாய். அதிலிருந்து நீண்டு வெளியே வரும் சூல்தண்டு. கொத்தாகச் சேர்ந்து பார்க்கும்போது சிலந்திக் கால்கள் போலத் தெரிவது அந்தச் சூல்தண்டுகள்தான்.

மொட்டு விரிவதற்குச் சற்று முன்னால், பூவின் மகரந்தப் பைகள் தங்கள் மகரந்தத்தைச் சூல்தண்டின் நுனியிலேயே தடவிவிடுகின்றன. சூல்தண்டு வளைந்து, விறைத்து, குழாயின் பிளவு வழியே துள்ளி வெளியே வரும்போது அதன் தலையில் மகரந்தம் தயாராக இருக்கும். தேன் குடிக்க வரும் பறவையின் நெற்றியில் அது ஒட்டிக்கொள்ளும். நுனியின் நடுவில் இருக்கும் சூல்முடி அதற்குப் பிறகுதான் பக்குவப்படும். வேறு பூவிலிருந்து வரும் மகரந்தத்தை அப்போது ஏற்கும்.

கையால் கலப்பு செய்கிறவர்கள் இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகிறார்கள். தாய்ப்பூவின் நுனியில் உள்ள சொந்த மகரந்தத்தைத் துடைத்து எடுத்துவிடுவார்கள். சூல்முடி பக்குவமானதும் தந்தைச் செடியின் பூ நுனியை அதில் தொட்டுத் தடவுவார்கள். அப்புறம் வேறு மகரந்தம் வராமல் உறை மாட்டுவார்கள். விதை பிடித்தால் முளைக்கவைத்து, பூக்கும்வரை வளர்த்துப் பார்க்க வேண்டும். கன்றுகளில் பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாமல் போகும்.

இங்கே இரண்டு விளைவுகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கலப்பினத்தின் விதையிலிருந்து அதே செடி வராது. விதை பிடித்தாலும் பேரப்பிள்ளைகளில் குணங்கள் சிதறிவிடும். எனவே கல்ட்டிவரைத் தண்டுத் துண்டிலிருந்தோ ஒட்டுக் கட்டியோதான் பெருக்குகிறார்கள். நாடு முழுவதும் நிற்கும் 'ராபின் கோர்டன்' அத்தனையும் மரபணு அளவில் ஒரே செடி. சிற்றினமாக இருந்தால் ஒரு கூட்டத்தில் சில செடிகள் நோயைத் தாங்கும், சில வறட்சியைத் தாங்கும். ஒரே கல்ட்டிவரை நட்ட தெருவில் அந்த வேறுபாடு இருக்காது.

இரண்டாவது, ஆண்டு முழுவதும் பூப்பது. பல தாவரங்களில் விதை உருவாகத் தொடங்கியதும் செடியின் சத்து அங்கே போய்விடும், பூப்பது குறையும். விதை அரிதாகப் பிடிக்கும் கலப்பினங்களில் அந்தத் தடை இல்லை. வாங்குகிறவருக்கு இது நல்ல செய்தி. தோட்டத்தில் வாழும் சிறு பறவைக்கும் நல்ல செய்தியா என்பதைக் கீழே பார்ப்போம்.

'நேட்டிவ்' என்பதற்குள் மூன்று அளவுகள்

1. கண்டம் அளவில்: பெற்றோர் இரண்டும் ஆஸ்திரேலியாவில் தோன்றியவை. நர்சரி லேபிள் பேசுவது இந்த அளவில். இந்தப் பொருளில் 'ராபின் கோர்டன்' ஐயமில்லாமல் நேட்டிவ்.

2. வட்டார அளவில்: உங்கள் ஊரின் மண்ணிலும் காட்டிலும் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இருந்த சிற்றினம். நகராட்சிப் பட்டியல்கள் பேசுவது இந்த அளவில். கட்டட அனுமதியில் 'உள்ளூர்ச் சிற்றினங்களை நட வேண்டும்' என்று நிபந்தனை வந்தால் அதுவும் இதுதான். இங்கே 'ராபின் கோர்டன்' எந்த ஊரிலும் தேறாது; அதற்குச் சொந்தக் காடு என்று ஒன்று இல்லை.

3. பரம்பரை அளவில்: அதே சிற்றினமாக இருந்தாலும், அந்த வட்டாரத்துக் காட்டுச் செடிகளிலிருந்து எடுத்த விதையில் முளைத்தது. காடு மீட்கும் குழுக்கள் கேட்பது இதை.

முதல் அளவை இரண்டாவதோடு குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவே நிறைய சான்று வைத்திருக்கிறது. கூட்டமண்டிரா வாட்டில் என்ற மஞ்சள் பூ மரம் நியூ சவுத் வேல்ஸின் தெற்கே ஒரு சிறிய வட்டாரத்தின் சொந்தம். அழகுக்காக நாடெங்கும் நட்டார்கள். இன்று மற்ற மாநிலங்களின் காடுகளில் அது களை. பறவைகளிலும் இதே கதைதான். கிழக்குக் கரையின் வானவில் லோரிக்கீட் கிளி 1960-களில் பெர்த்தில் தப்பிப் பெருகி, அங்கே தொல்லைப் பறவையாகிவிட்டது. ஆஸ்திரேலியா ஒரு கண்டம். அதன் ஒரு மூலையின் செடி இன்னொரு மூலைக்கு வெளிநாட்டுச் செடி போலவே நடந்துகொள்ளலாம்.

அதற்காகக் கலப்பினத்தை ஒதுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வீட்டு வாசல் தோட்டம் காடு அல்ல. அங்கே இருந்த காடு எப்போதோ போய்விட்டது. ரோஜாவும் பாக்ஸ் செடியும் மட்டுமே இருந்த ஒரு தோட்டத்தில் கிரெவில்லியா வந்தால் தேனுண்ணும் பறவைகளும் பூச்சிகளும் ஏதோ ஓரளவு பயனடையும். எந்த அளவில் பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வேரும் பாஸ்பரஸும்

உரமே வேண்டாம் என்பது பாதி உண்மை. தவறான உரம் இந்தச் செடியைக் கொன்றுவிடும் என்பது முழு உண்மை. காரணம் வேரில் இருக்கிறது.

தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் நிலம் உலகின் மிகப் பழைய, மிக அதிகமாகச் சத்து கரைந்துபோன நிலங்களில் ஒன்று. பாஸ்பரஸ் அங்கே மிக மிகக் குறைவு. புரோட்டியேசி குடும்பம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. மண்ணின் மேலடுக்கில் வேர்கள் நெருக்கமான குஞ்சம் போலக் கிளைத்து, சிட்ரேட் போன்ற கரிம அமிலங்களைச் சுரக்கும். மண் துகளோடு இறுகிக் கிடக்கும் பாஸ்பேட்டை அந்த அமிலம் பிரித்து எடுக்கும். இவற்றைக் குஞ்ச வேர் என்று சொல்லலாம்.

பஞ்சத்துக்காகப் பழகிய இந்த வேருக்கு, போதும் என்று நிறுத்தத் தெரிவதில்லை. பாஸ்பரஸ் நிறைந்த உரத்தைப் போட்டால், இந்தக் குடும்பத்தின் பல சிற்றினங்கள் கட்டுப்பாடின்றி உறிஞ்சிக்கொள்ளும். இளம் இலைகள் வெளுத்து மஞ்சளாகும். இலை ஓரம் கருகும். சத்துக்குறை என்று நினைத்து இன்னும் உரம் போடுவார்கள், செடி போய்விடும்.

எல்லா கிரெவில்லியாவுக்கும் ஒரே அளவு ஆபத்து கிடையாது. வளமான மண்ணைச் சேர்ந்த கிழக்குக் கரைச் சிற்றினங்களும் அவற்றின் கலப்பினங்களும் கொஞ்சம் தாங்கும். மேற்கு ஆஸ்திரேலியச் சிற்றினங்கள் தாங்காது. உங்கள் செடி எந்த வகை என்று தெரியாதபோது ஒரே விதியைப் பிடித்துக்கொள்ளலாம்: கோழி எருவும் சூப்பர் பாஸ்பேட்டும் அருகில் வரக் கூடாது; உரம் போட்டே ஆக வேண்டும் என்றால் பாஸ்பரஸ் மிகக் குறைவாக உள்ள 'நேட்டிவ்' உரம் மட்டும், அதுவும் வசந்தகாலத்தில் சிறிதளவு.

வேரைப் பற்றிய இன்னொரு ஆபத்து வடிகால். ஃபைட்டோஃப்தோரா சின்னமோமை என்ற மண்வாழ் நுண்ணுயிர் நீர் தேங்கும் மண்ணில் வேரை அழுகச் செய்யும். களிமண் நிலத்தில் மேற்கு ஆஸ்திரேலியக் கிரெவில்லியாக்கள் திடீரெனச் சாய்வதற்கு இது முக்கியக் காரணம். இதற்கு நர்சரிகள் கண்ட தீர்வு ஒட்டுக் கட்டுவது. அடிச்செடியாக அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் நாம் மேலே பார்த்த சில்வர் ஓக்கையே. அதன் வேர் கிழக்குக் கரை மண்ணைத் தாங்கும். மேலே எந்த நுட்பமான கிரெவில்லியாவையும் ஒட்டலாம். தரையில் படரும் 'பூரிண்டா ராயல் மேண்டில்' வகையை ஆளுயரச் சில்வர் ஓக் தண்டின் உச்சியில் ஒட்டினால் குடை விரித்தது போலத் தொங்கும் மரமாகிவிடும். ஒட்டுக்குக் கீழே அடிச்செடி துளிர்விட்டால் உடனே கிள்ள வேண்டும். விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் முற்றத்தில் சில்வர் ஓக் மரம்தான் நிற்கும்.

பறவைகள்: எதிர்பாராத பக்கம்

பெரும்பாலானோர் கிரெவில்லியா வாங்குவது பறவைகளுக்காக. இங்கேதான் விஷயம் சற்றுச் சிக்கலாகிறது. லேபிள்கள் சொல்லாத பகுதியும் இதுவே.

காட்டில் ஒவ்வொரு சிற்றினமும் ஒரு பருவத்தில் பூத்து ஓயும். தேனுண்ணும் பறவைகள் பூவைத் தேடி இடம் மாறிக்கொண்டே இருக்கும். பெரிய பூங்கொத்துள்ள கலப்பினங்களோ ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் ஏராளமான தேனைத் தருகின்றன. இப்படி நிரந்தரமாகக் கிடைக்கும் இரையை வலுவான பறவை கைப்பற்றிக் காவல் காக்கும்.

கிழக்கு ஆஸ்திரேலியாவில் அந்த வலுவான பறவை பெரும்பாலும் நாய்சி மைனர். நம்மூர் மைனாவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தியாவின் மைனா 1862-இல் மெல்போர்னுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை. நாய்சி மைனர் ஆஸ்திரேலியாவின் சொந்தத் தேனுண்ணிப் பறவை. சாம்பல் உடல், கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் திட்டு. கூட்டமாக வாழும். தங்கள் எல்லைக்குள் நுழையும் வேறு எந்தப் பறவையையும் சேர்ந்து விரட்டும். இடைவெளி விட்ட மரங்களும் புல்தரையும் உள்ள புறநகர் அவற்றுக்குப் பிடித்த இடம். இப்படி மற்றப் பறவைகளை விரட்டுவதை 2014-இல் ஆஸ்திரேலிய அரசு தன் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் முக்கிய அச்சுறுத்தல்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. ஓர் உள்நாட்டுப் பறவையின் நடத்தையே அப்படிப் பட்டியலில் ஏறியது.

பழியைக் கிரெவில்லியாவின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. காட்டுத் துண்டங்கள் சிறுத்ததும், புதர் அடுக்கு அழிந்ததும் பெரிய காரணங்கள். ஆனால் வெறும் புல்தரையின் நடுவில் தனியாக ஒரு 'ஹனி ஜெம்' நடுவது சிறு பறவைகளுக்கு உதவாது. ரெட் வாட்டில்பேர்டு என்ற பெரிய தேனுண்ணிப் பறவைக்கும் நாய்சி மைனருக்கும் விருந்து வைப்பதாகவே முடியும்.

சிறு பறவைகளை அழைக்க வேண்டுமென்றால் நடவை மாற்ற வேண்டும். தேனைவிட மறைவிடம்தான் அவற்றுக்கு முதல் தேவை. ஊசியிலையும் முள்ளும் உள்ள, சிறு பூப் பூக்கும் கிரெவில்லியா ஜூனிப்பெரினா போன்றவற்றை நெருக்கமாக நட்டால் பெரிய பறவை உள்ளே நுழைய முடியாது; சின்ன ஃபேரி ரென் நுழையும். முள் பிடிக்காதவர்கள் கூட ஒரு மூலையை இதற்கு விட்டுக்கொடுக்கலாம். ஈஸ்டர்ன் ஸ்பைன்பில் என்ற சிறு தேனுண்ணிப் பறவைக்குக் கொரியா (Correa) என்ற ஆஸ்திரேலியப் புதரில் வருவது போன்ற குழல் வடிவப் பூக்கள் பொருத்தம். அதன் நீண்ட வளைந்த அலகு அதற்கென்றே அமைந்தது. கலப்பினம் அழகுக்கு இருக்கட்டும். அதைச் சுற்றி இந்த அடர்ந்த புதர்களும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

வேலிக்கு வெளியே போகும் மகரந்தம்

காட்டை ஒட்டி வீடு இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றை யோசிக்க வேண்டும். எல்லா கலப்பினமும் மலடு கிடையாது. வளமான மகரந்தம் தரும் கலப்பினத்துக்கு அருகில் அதன் உறவுச் சிற்றினம் ஒன்று காட்டில் இருந்தால், பறவை வழியாக இரண்டும் கலக்க வாய்ப்பு உண்டு. காட்டில் அந்தச் சிற்றினம் ஆயிரக்கணக்கில் இருந்தால் பெரிய பாதிப்பு இராது. சில நூறு செடிகளே மிஞ்சிய அரிய சிற்றினம் என்றால், தலைமுறைகள் போகப் போக அதன் தனித்தன்மை கரைந்துபோகலாம். சிட்னியின் வடக்குப் புறநகர்களில் மட்டும் மிஞ்சியிருக்கும் கிரெவில்லியா கேலியை போல, வீடுகளுக்கு நடுவே சின்னச் சின்னத் துண்டங்களில் ஒடுங்கிய சிற்றினங்கள் இந்தப் பேரினத்தில் உண்டு. அத்தகைய இடத்துக்கு அருகில் வட்டாரச் சிற்றினத்தையே நடுவது நல்லது.

தோலுக்கு ஆகாதவர்கள்

'ராபின் கோர்டன்', 'சூப்பர்ப்', 'நெட் கெல்லி' மூன்றும் சிலருக்குத் தோலில் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பும். செடியில் உள்ள ரெசார்சினால் வகைச் சேர்மங்கள் காரணம். முந்திரிக் கொட்டையின் ஓட்டில் இருந்து வடியும் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளிப்பது தெரியும் அல்லவா, இவை அந்த எண்ணெயில் உள்ளவற்றுக்கு நெருங்கிய உறவு. முதல்முறை தொடும்போது ஒன்றும் ஆகாமல், அடுத்தடுத்த முறைகளில் அரிப்பும் கொப்புளமும் வரலாம். கவாத்து செய்யும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் உரசிக்கொண்டு ஓடும் நடைபாதை ஓரத்தில் இவற்றை நட வேண்டாம்.

பூவின் தேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் முதற்குடி மக்கள் சில கிரெவில்லியாப் பூக்களின் தேனைக் குடித்துவந்தார்கள். எது குடிக்கத் தக்கது என்ற அறிவு அவர்களிடம் இருந்தது. கிரெவில்லியா பேங்க்சியையின் பூவிலும் காயிலும் சயனைடு வெளியிடும் சேர்மங்கள் உண்டு. பேங்க்சியை ஒரு பெற்றோராக உள்ள தோட்டக் கலப்பினத்தின் பூவை வாயில் வைக்காமல் இருப்பதே நல்லது.

எந்த இடத்துக்கு எது

குயின்ஸ்லாந்து, வடக்கு நியூ சவுத் வேல்ஸ் போன்ற வெப்பமான, உறைபனி இல்லாத இடங்களுக்கு 'ஹனி ஜெம்', 'மூன்லைட்' போன்ற உயர்ந்த வகைகள் பொருந்தும். மூன்று நான்கு மீட்டர் வளரும் என்பதால் இடம் பார்த்து நட வேண்டும். சிறிய தோட்டத்துக்கு 'பீச்சஸ் அண்ட் கிரீம்', 'ராபின் கோர்டன்'. உறைபனி விழும் கான்பெரா, உள்நாட்டு விக்டோரியா போன்ற இடங்களில் இவை தடுமாறும். அங்கே 'கான்பெரா ஜெம்' தாக்குப்பிடிக்கும். அதன் பெற்றோர் ஜூனிப்பெரினாவும் ரோஸ்மாரினிஃபோலியாவும் குளிர் தாங்கும் தென்கிழக்குச் சிற்றினங்கள். ஊசியிலை என்பதால் சிறு பறவைக்கும் மறைவிடம்.

நடுவதில் பெரிய வித்தை இல்லை. முழு வெயில், நீர் நிற்காத மண். களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி நட வேண்டும். தண்ணீரே வேண்டாம் என்பது வேர் பிடித்த செடிக்குப் பொருந்தும். முதல் கோடையில் வாரம் தவறாமல் ஆழமாக ஊற்றியே ஆக வேண்டும். குஞ்ச வேர்கள் மேலடுக்கில் இருப்பதால் அடியில் கொத்திக் கிளறக் கூடாது; மரச்சில்லு மூடாக்குப் போட்டால் போதும், அதுவும் தண்டை ஒட்டாமல். பூத்து முடிந்த கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிக்கொண்டே வந்தால் புதர் அடர்த்தியாக நிற்கும். பல ஆண்டுகள் வெட்டாமல் விட்டு, இலையே இல்லாத பழைய கட்டை வரை ஒரே நாளில் வெட்டினால் பல வகைகள் மறுபடி துளிர்க்காது.